மச்சான் விற்ற கம்பெனி

என் மச்சானின் கம்பெனியைக் கொழும்புக்காரர்கள் வாங்கிவிட்டார்கள் என்ற செய்தியை என் மனைவிதான் எனக்குச் சொன்னாள். பட்டறை வாசலில் நின்று, முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்தபடி, சிரித்துக்கொண்டே சொன்னாள். மச்சான் என்றால் அவளுடைய தம்பி. தம்பிக்கு நல்லது நடந்தால் அக்கா சிரிப்பதில் என்ன குற்றம்? நான் லேத்தை நிறுத்தாமல், "அப்படியா, நல்லது" என்றேன். அன்று கடைந்துகொண்டிருந்த அச்சு அளவு தவறிப்போயிற்று. தூக்கி மூலையில் போட்டுவிட்டு மறுநாள் வேறொன்று கடைந்தேன்.

பதுளையில் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு சந்துக்குள் இருந்தது என் பட்டறை. என் அப்பா ஒரு தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டர். இரும்பு எங்கள் இரத்தத்தில் இருந்தது என்று சொல்லலாம், நகத்தில் இருந்தது நிச்சயம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லுணுகலைப் பக்கத்துக் கிராமங்களிலும் தோட்டத் தொழிலாளர் லயங்களிலும் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. தண்ணீர் மட்டும் எந்த மலையைப் பார்த்தாலும் விழுந்துகொண்டிருந்தது. ஓடையைக் குழாயில் இறக்கி, கிண்ணம் கிண்ணமாகப் பற்றவைத்த சக்கரத்தில் அடிக்கவிட்டால் டைனமோ சுழலும், ஒரு ஊருக்கே விளக்கு எரியும். எண்ணெய் வேண்டாம், புகை இல்லை. அதை நான் செய்தேன். நானே அளந்து, நானே கடைந்து, வண்டி போகாத இடத்துக்கு நானே ஒரு முனையைத் தோளில் தாங்கிக் கொண்டுபோய் வைத்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

முதல் ஊரில் விளக்கு எரிந்த மாலையில் ஒரு சிங்கள விவசாயி வீட்டுக்குள் எரிந்த பல்பைக் கழற்றிக் கம்பியோடு இழுத்துக்கொண்டுபோய் மாட்டுக் கொட்டிலில் பிடித்தார். இத்தனை வருஷமாக இருட்டில் பால் கறந்த மாட்டின் முகத்தை ஒருமுறை வெளிச்சத்தில் பார்க்கவேண்டுமாம். மாடு மிரண்டு கயிற்றை அறுத்தது. ஊரே சிரித்தது. அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் பத்து வருஷம் மலை ஏறத் தயாராக இருந்தேன்.

மச்சான் அப்போது பஜாரில் ஒரு ரேடியோ கடையில் விற்பனைக்கு நின்றான். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கார் பேட்டரியைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் சுமந்துகொண்டு வருவார்கள். அதைச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போனால்தான் ஊரில் டிவி ஓடும். அவர்களிடம் பேசிப் பேசியே அவனுக்கு இந்த விஷயத்தில் ஆசை வந்திருக்கவேண்டும். கடையை விட்டுவிட்டு என்னோடு சேர்ந்தான். வேலை என்று பார்த்தால் அவனுக்கு ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. ஆனால் ஊர்க் கூட்டத்தில் அவன் பேசினால் எல்லோரும் குழாய் சுமக்க வருவார்கள். நான் பேசினால் இரண்டு பேர் வருவார்கள், அவர்களும் பாதியில் போய்விடுவார்கள்.

இரண்டு வருஷம் அப்படி ஓடியது. பிறகு ஒரு நாள், மழையில் குழாய் பதித்துக்கொண்டிருந்தபோது, அவன் கேட்டான்:

"அத்தான், போன ஓடைக்குச் செஞ்சோமே, அதே சக்கரத்த இதுக்கும் போட்டா என்ன?"

"அந்த ஓட வேற, இந்த ஓட வேற மாப்ள. தண்ணி விழுற உசரமே வேற."

"கரண்ட் கொஞ்சம் கொறையும். கொறஞ்சா கொறையட்டுமே. ஒரே சக்கரம்னா பத்து செஞ்சு அடுக்கி வச்சிரலாம். ஒடஞ்சா யார் வேணும்னாலும் கழட்டி மாட்டிக்கலாம்."

"யார் வேணும்னாலும் மாட்டலாம்னா அப்புறம் நான் எதுக்கு?"

"அதத்தான் அத்தான் நானும் சொல்றேன்" என்றான்.

அவன் கேலி செய்யவில்லை. முகத்தில் மழை வழிய, நல்லெண்ணத்தோடுதான் சொன்னான். எனக்கு அது கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. அடுத்த மாதம் அவன் தனியாகப் போய்விட்டான்.

தனியாகப் போனவன் சோலார் பலகை விற்க ஆரம்பித்தான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். பெரகலச் சந்தியில் பட்டப்பகலில் பஸ் லைட்டைப் போட்டுக்கொண்டு வருகிற மூடுபனியை அவன் பார்த்ததில்லையா? "பனியில சூரியனத் தேடுறானாம் உன் தம்பி" என்று மனைவியிடம் சொன்னேன். அவன் பனியின் பக்கமே போகவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பசறையைத் தாண்டி வெயில் காய்கிற ஊர்களாகப் பார்த்துப் போனான். வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்குத் தோட்டக்காரர்களிடம், கிழங்கு விற்ற பிறகு தவணை கட்டினால் போதும் என்று ஒரு வங்கியோடு பேசி ஏற்பாடு செய்தான். கையில் காசு இருக்கிற மாதம் எது என்று பார்த்து விற்றான். நான் எந்த மாதத்தையும் பார்த்ததில்லை. தண்ணீரைத்தான் பார்ப்பேன்.

இன்னொன்றும் செய்தான். பதுளையில் அரசாங்கக் காரியாலயத்தில் கணக்காளராக இருந்த ஒரு யாழ்ப்பாணத்துக்காரரை, வேலையை விட்டு வரச்சொல்லிக் கம்பெனியில் பங்கு கொடுத்துச் சேர்த்துக்கொண்டான். அந்த மனிதருக்கு என் வயதுதான் இருக்கும். கசங்காத வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. ஒரு பலகையைக்கூட அவர் கூரையில் ஏற்றியதில்லை. அப்படிப்பட்டவருக்குப் பங்கா என்று எனக்கு வயிறு எரிந்தது. என்னோடு இருந்தபோது மச்சான் என்னிடம் பங்கு கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. இப்போது அவன் இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுத்ததில் எனக்கு என்ன நஷ்டம் என்று யாராவது கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. ஆனாலும் எரிந்தது.

பொறாமை ஒரே இடத்தில் இருக்கிற நோயென்றால் மருந்து போடலாம். அது நான் போகிற இடத்துக்கெல்லாம் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. ஒருமுறை லுணுகலைக்கு மேலே என்னுடைய டர்பைன் ஒன்று நின்றுவிட்டது என்று ஆள் வந்தது. பை கனக்கக் கருவிகளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். டவுனில் இறங்கித் தேத்தண்ணிக் கடைக்குள் போனால், பகலிலேயே உள்ளே ஒரு வெள்ளைக் குழல்விளக்கு எரிந்தது. கூரையில் மச்சானின் பலகை.

"எப்புடிங்க, நல்லா எரியுதா?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

கடைக்காரர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "போன மாசம் பேட்டரி படுத்திருச்சுங்க. சொல்லி அனுப்பிச்சேன். நம்ம ஊர்ப் பையன்தான், இந்த லயத்து மேல வீட்டுப் பையன், மறுநாளே வந்து மாத்திட்டுப் போயிட்டான். கம்பெனி சட்டை எல்லாம் போட்டுக்கிட்டு, டாக்டர் மாதிரி வந்தான்ங்க!"

"மொதலாளி வரலியா?"

"அவரு எதுக்குங்க வரணும்?"

நான் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அன்று நான் ஏறிய மலையில் எனக்காக ஊரே காத்திருந்தது. சக்கரத்தில் ஒரு கிண்ணம் விரிசல் விட்டிருந்தது. அதே அளவுக் கிண்ணம் உலகத்தில் வேறெங்கும் கிடையாது, நான் திரும்பிப் போய்ச் செய்துகொண்டு வரவேண்டும். ஊர் இரண்டு வாரம் இருட்டில் கிடந்தது. ஆனாலும் அவர்கள் என்னை மாத்தயா, மாத்தயா என்று மரியாதையோடு அழைத்து, பலாக்காய் கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். இறங்கி வரும்போது எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. நான் வந்தால் ஊரே திரண்டு வருகிறது, அவன் வராமலே ஊரில் விளக்கு எரிகிறது. இதில் யார் பெரியவன்? நான்தான் என்று முடிவுசெய்து பஸ் ஏறினேன். அந்த முடிவு எனக்குப் பதுளைவரைகூடத் தாங்கவில்லை.

அவனுடைய கம்பெனியை வாங்கலாமா என்று பார்க்கக் கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குப் பட்டறை வேலையே ஓடவில்லை. அந்தச் சமயத்தில்தான் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தான். "அத்தான், அவங்களுக்குத் தண்ணியிலயும் ஆர்வம் இருக்கு. உங்க பட்டறையும் வந்து பாருங்கன்னு சொல்லியிருக்கேன்" என்றான். நன்றி சொல்லவேண்டிய இடம். என் மனைவிதான், "ரொம்ப நல்லதுடா தம்பி" என்றாள்.

அவர்கள் வந்த அன்று நான் பட்டறையைக் கழுவிவிட்டேன். மனைவி வடை சுட்டு அனுப்பினாள். மூன்று பேர் வந்தார்கள். பேசியது ஒரு கொழும்புத் தமிழ்ப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும், அடக்கமான பேச்சு. நான் என் சக்கரங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றும் எந்த ஓடை, ஏன் கிண்ணம் இந்தச் சாய்வு, ஏன் அது அந்தச் சாய்வு என்று சொன்னேன். அவள் உண்மையாகவே ரசித்தாள். கையால் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கிறேன். நீங்க ஒரு மாசம் சுகமில்லாம படுத்துட்டீங்கன்னா, இதெல்லாம் யார் பார்த்துக்குவாங்க?"

நான் சிரித்தேன். இதைத்தான் யாராவது கேட்கவேண்டும் என்று பல வருஷமாகக் காத்திருந்தவன் மாதிரி சொன்னேன்: "நான் இல்லாட்டி ஒண்ணும் ஓடாதுங்க மேடம்."

அவளும் சிரித்தாள். வடை நன்றாக இருக்கிறது என்றாள். அவர்கள் போன பிறகு நான் மனைவியிடம், "அந்தம்மாவுக்கு என் வேலை ரொம்பப் பிடிச்சுப் போச்சு" என்றேன். பிடித்திருந்தது என்னவோ உண்மை. திரும்ப வரவில்லை என்பதும் உண்மை.

மச்சானிடமும் அதே கேள்வியைக் கேட்டார்களாம். அவன், "போன மாசம் பூரா நானும் வீட்டுக்காரியும் திருச்செந்தூர், பழனின்னு போயிருந்தோம். அந்த மாசந்தான் நல்ல வியாபாரம்" என்றானாம். மச்சானும் அவன் மனைவியும் கோயில் கோயிலாகச் சுற்றிப் பிரசாதமும் சேலையும் கொண்டுவந்தபோது நான் அதற்கும் பொறாமைப்பட்டிருந்தேன். எனக்கு ஒரு நாள் கதிர்காமம் போய்வரவே டர்பைன்கள் விட்டதில்லை.

விற்பனை முடிந்த பிறகு ஒரு நாள் பஜாரில் அந்தக் கணக்காளரைச் சந்தித்தேன். அவர் என்னைக் கண்டதும் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். எனக்குள் அடைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன். "அவன் பலகைய எங்கிருந்தோ வாங்கி விக்கிறான். நான் சொந்தமா செய்யிறேன். ஏன் என்னுதக் கேக்கல?"

அவர் சொன்னார்: "கோவிக்கக் கூடாது. உங்களிட்ட இருக்கிறது உங்கட கை. கையை ஆர் விலைக்கு வாங்கலாம்? கொழும்பு ஆக்கள் வந்து முதலில பார்த்தது, ஊர் ஊரா நிக்கிற எங்கட பெடியளை. பிறகு, நாலு வருஷத்துக் கணக்கு. ஒரு நாளும் ஒளிக்கேல்லை எண்டு கண்டபிறகுதான் விலையே பேசினவை."

"உங்களுக்கும் நல்லாக் கிடைச்சிருக்குமே" என்றேன்.

"கிடைச்சது" என்றார், மறைக்காமல். குடையை விரித்துக்கொண்டு போனார். எனக்கு அவர் கொஞ்சம் வழவழவென்று பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபப்பட ஒரு பிடி கிடைத்திருக்கும்.

அந்தப் பிடியைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளில் கிடைத்துவிட்டதாக நினைத்தேன். அரசாங்கத்து மின்சார லைன் கிராமங்களுக்கெல்லாம் வரப்போகிறது என்ற பேச்சு பலமாக அடிபட்டது. லைன் வந்தால் சோலாருக்கு ஏது மதிப்பு? ஓ, கதை இதுதானா! தெரிந்துகொண்டே, வாங்கியவர்கள் தலையில் கட்டியிருக்கிறான். அன்றே அவன் வீட்டுக்குப் போனேன். அவன் வாசலில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான்.

"லைன் வரப்போகுதுன்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா மாப்ள?"

"தெரியும் அத்தான். அதனாலதான் இப்ப வித்தேன். இன்னும் ரெண்டு வருஷம் போனா யாரும் கேக்கமாட்டாங்க."

"வாங்கினவங்களுக்கு?"

"மொத நாளே நான்தான் சொன்னேன். எந்தெந்த ஊருக்கு லைன் வரும், எங்க வராதுன்னு பேப்பர்ல கோடு போட்டே காட்டினேன். அவங்களுக்குப் பலகை பெரிசில்ல அத்தான். ஊருக்கு ஊர் நம்பிக்கையா ஒரு ஆள் இருக்கான், கடை இருக்கு. நாளைக்குத் தண்ணி மோட்டர் விப்பாங்க, வேற ஏதாவது விப்பாங்க. பசங்க ஒருத்தனையும் நிறுத்தக்கூடாதுன்னு சொல்லித்தான் கையெழுத்துப் போட்டேன்."

உரித்த பழம் ஒன்றை என்னிடம் நீட்டினான். வாங்கித் தின்றேன். அவன் யாரையாவது ஏமாற்றியிருந்தால் எனக்கு அன்று நிம்மதியாகத் தூக்கம் வந்திருக்கும். கெட்டவனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவனுக்கு நியாயம் என்று ஒரு போர்வையாவது இருக்கிறது. என் மச்சான் அதையும் எனக்கு விட்டுவைக்கவில்லை.

லைன் வந்தது. என் ஊர்கள் ஒவ்வொன்றாகக் கம்பத்துக்கு மாறின. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இஸ்திரிப் பெட்டியும் குளிர்சாதனப் பெட்டியும் ஓடுகிற கரண்ட் வீட்டு வாசலுக்கே வரும்போது ஓடையைப் போய் யார் துப்புரவாக்குவார்கள்? நான் தேயிலை ஃபெக்டரிகளின் உருளைகளையும் பேரிங்குகளையும் பழுதுபார்க்கப் போனேன். வேலைக்குக் குறைவில்லை. சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

அடுத்த வருஷம் மச்சான் பண்டாரவளையில் வீடு கட்டிக் குடிபோனான். அக்கா புருஷன் என்பதால் எனக்கு முதல் மரியாதை. பட்டு வேட்டி கொடுத்து, நடுக்கூடத்தில் உட்காரவைத்து, கும்பத்துக்குப் பக்கத்தில் படம் எடுத்தார்கள். வருகிறவர்களிடமெல்லாம் மச்சான், "இவருகிட்டத்தான் நான் தொழில் கத்துக்கிட்டேன்" என்று சொன்னான். ஒவ்வொரு முறை அவன் அதைச் சொல்லும்போதும் எனக்கு எழுந்து ஓடிவிடலாம்போல் இருந்தது. பதிலுக்குச் சிரித்துச் சிரித்து மத்தியானத்துக்குள் தாடை வலித்தது. ஜன்னலைத் திறந்தால் எதிர்மலை முழுக்கத் தேயிலை. அதையும் அவனே வாங்கிவிட்டதுபோல் எனக்குத் தோன்றியது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் மனைவி உட்கார்ந்தாள். தம்பி வீட்டைப் பற்றி ஆரம்பிப்பாள், பதுளை வரும்வரை நிறுத்தமாட்டாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். தெமோதரை தாண்டிய பிறகுதான் அவள் வெளியே பார்த்தபடியே சொன்னாள்:

"குசினியில திருகினா சுடுதண்ணி வருதுங்க."

"பார்த்தேன்."

"தம்பி பொண்டாட்டி பாத்திரம் கழுவுற எடத்துல ஜன்னல் வச்சிருக்கா. நின்னா தோட்டம் தெரியுது." முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "நான் கையக் கழுவிட்டு வேணும்னே குழாய மூடாம வந்துட்டேன்" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் உதட்டோரம் சிரிப்பும் இருந்தது. இத்தனை வருஷமும் அவள் தம்பியின் பக்கம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவளும் என்னைப்போலவே வெந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள், தம்பி பெண்டாட்டியைப் பார்த்து. நான் லேத் சத்தத்தில் மறைத்ததை அவள் சிரிப்பில் மறைத்திருக்கிறாள்.

"அந்த மாடிப்படி சரியில்ல" என்றேன் மெதுவாக. "ரொம்பச் செங்குத்து. வயசானா ஏற முடியாது."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "கூடத்துக்கு அடிச்ச பச்சையப் பார்த்தீங்களா? ஆஸ்பத்திரி மாதிரி இல்ல?"

"கதவு நெலையும் ஒரு பக்கம் சாஞ்சிருக்கு."

"சாம்பார்ல உப்பே இல்லீங்க."

சாம்பாரில் உப்பு சரியாகத்தான் இருந்தது. நிலையும் சாயவில்லை. ஹாலிஎல வரும்வரை நாங்கள் அந்த வீட்டைக் கல் கல்லாகப் பிரித்துப் போட்டோம். முன் இருக்கைக்காரர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் ஒரு பஸ்ஸில் அவ்வளவு நேரம் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு பேசியதில்லை. பிறகு அவள் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். மச்சானின் பெண்டாட்டி கட்டிக் கொடுத்த அதிரசம். ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம்.

"எப்புடி இருக்கு?" என்று கேட்டாள்.

"பாகு கொஞ்சம் முத்திருச்சு" என்றேன், இரண்டாவதை எடுத்துக்கொண்டே.